தம்பிக்குத் தேவையான எதிர்ப்பு சக்தி உங்களிடம் இருக்கிறது

கேள்வி: என் தம்பிக்கு வயது 31. ஏ.எம்.எல். என்னும் இரத்தப் புற்றுநோய். இரண்டு சுற்று கீமோ முடிந்து நோய் அடங்கியிருக்கிறது. ஆனாலும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தே ஆகவேண்டும் என்கிறார்கள். அதற்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. திசுப் பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனையில் நான்தான் முழுமையாகப் பொருந்தியிருக்கிறேன். உறவினர்களோ, "இயற்கையான எதிர்ப்பு சக்தியை ஏற்றினால் உடம்பே புற்றுநோயை விரட்டிவிடும், மாற்று சிகிச்சை எதற்கு?" என்கிறார்கள். மூலிகைப் பொடி, காளான் மாத்திரை, வைட்டமின் என்று வீட்டில் ஒரு பை நிறையச் சேர்ந்துவிட்டது. மருத்துவர்கள் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கத்தான் மருந்து தரப்போவதாகச் சொல்கிறார்கள். எதிர்ப்பு சக்தி கூடினால்தானே நோயோடு போராட முடியும்? சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதைக் கூட்ட நான் என்ன கொடுக்கலாம்? மஜ்ஜைச் செல் கொடுப்பதால் என் எதிர்ப்பு சக்தி குறைந்துவிடுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை. எதிர்ப்பு சக்தியால் இரத்தப் புற்றுநோயை அழிக்க முடியும். அதை நம்பித்தான் நாங்கள் இந்தச் சிகிச்சையையே செய்கிறோம். ஆனால் அந்த வேலையைச் செய்யக்கூடிய எதிர்ப்பு சக்தி உங்கள் தம்பியின் உடம்பில் இல்லை, அந்தப் பையிலும் இல்லை. அது உங்களிடம் இருக்கிறது.

முதலில் தம்பியின் சொந்த எதிர்ப்பு சக்தி ஏன் தோற்றது என்று பார்ப்போம். கிருமி வெளியிலிருந்து வருகிறது. புற்றுநோய்ச் செல் அப்படி வருவதில்லை. அது அவருடைய மஜ்ஜையிலேயே பிறந்து, அவருடைய அடையாளத்தையே போட்டுக்கொண்டு திரிகிறது. காவல்காரனுக்கு வீட்டுப் பிள்ளை போலத்தான் தெரியும். போதாததற்கு, எதிர்ப்புச் செல்கள் தயாராகும் இடமே மஜ்ஜைதான். அங்கேயே நோய் உட்கார்ந்துகொள்கிறது. நோய் தெரியவந்த அன்று பல நோயாளிகளின் இரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை மிக அதிகமாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை வளராத பிளாஸ்ட் செல்கள். ஒரு சாதாரணத் தொற்றைக்கூட அவற்றால் சமாளிக்க முடியாது.

சிகிச்சை எதுவும் இல்லாமல் ஏ.எம்.எல். தானாக அடங்கியதாக மருத்துவ இதழ்களில் சில பதிவுகள் உண்டு. பெரும்பாலும் ஒரு கடுமையான தொற்றுக் காய்ச்சலுக்குப் பிறகு அது நடந்திருக்கிறது. அவற்றில் அநேகம் சிறிது காலத்திலேயே திரும்பியும் வந்துவிட்டன. இதை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம், "எங்கோ ஒருவருக்குத் தானாகச் சரியாகிவிட்டதாம்" என்று யாராவது உங்களிடம் வந்து சொல்லக்கூடும். அந்தச் செய்தியை நம்பித் தம்பியின் ஐந்து வாரத்தை ஐந்து மாதமாக்கிவிடாதீர்கள். நோய் அடங்கியிருக்கும் இந்த நேரம்தான் மாற்று சிகிச்சைக்கு நல்ல நேரம். இப்போது விட்டால் மறுபடியும் அடக்குவது கடினம்.

சரி, உங்கள் எதிர்ப்பு சக்தி எப்படி உதவுகிறது? இதைப் புரிந்துகொள்ள மருத்துவர்களுக்கே பல வருடங்கள் பிடித்தன. 1956ல் பார்ன்ஸ், லூட்டிட் என்ற ஆராய்ச்சியாளர்களும் அவர்களுடைய குழுவும், இரத்தப் புற்றுநோய் உள்ள எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்துவிட்டுப் புது மஜ்ஜை செலுத்தினார்கள். அதே இனத்து எலியின் மஜ்ஜையைப் பெற்றவற்றுக்கு நோய் திரும்பி வந்தது. வேறு இனத்து எலியின் மஜ்ஜையைப் பெற்றவற்றில் புற்றுநோய் மறைந்தது. ஆனால் அவை வயிற்றுப்போக்கும் உடல் மெலிவுமாக வேறொரு நோயில் இறந்தன. இன்றுவரை எங்கள் வார்டில் நாங்கள் கவலைப்படுவது, சந்தோஷப்படுவது எல்லாமே அந்த இரண்டு பிரிவு எலிகளுக்குள் அடங்கிவிடும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காக 1990ல் நோபல் பரிசு பெற்ற டோனல் தாமஸ், 1950களின் கடைசியில் இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு அவர்களுடைய அச்சாகவே பிறந்த இரட்டையரின் மஜ்ஜையைக் கொடுத்துப் பார்த்தார். மஜ்ஜை அழகாகப் பிடித்துக்கொண்டது. சில மாதங்களில் நோயும் திரும்பிவிட்டது. ஒரே அச்சில் வார்த்த இரட்டையரின் எதிர்ப்புச் செல்லும் அந்தப் புற்றுநோய்ச் செல்லை "நம்ம வீட்டுப் பிள்ளை" என்றுதானே நினைக்கும்? பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் இதையே காட்டின. அச்சு இரட்டையரிடம் மஜ்ஜை பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம், மற்ற உடன்பிறப்புகளிடம் பெற்றவர்களுக்குக் குறைவு.

நீங்கள் தம்பியோடு எச்.எல்.ஏ. பொருந்தியவர். உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். பொருந்தினாலும் நீங்கள் அவருடைய நகல் இல்லை. எச்.எல்.ஏ.வைத் தாண்டிச் சின்னச் சின்ன வித்தியாசங்கள் எத்தனையோ இருக்கின்றன. அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் உங்கள் டி செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்கள் மிஞ்சியிருக்கும் புற்றுநோய்ச் செல்லை அந்நியன் என்று கண்டுபிடித்துக் கொல்லும். கீமோ பெரும்பகுதியை அழிக்கிறது. கண்ணுக்கும் கருவிக்கும் சிக்காமல் ஒளிந்திருப்பதைத் தேடி அழிப்பது உங்கள் செல்களின் வேலை. உறவினர்கள் சொல்கிறார்களே "இயற்கையான எதிர்ப்பு சக்தி", அதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அப்படியென்றால் மருத்துவர்கள் ஏன் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிறார்கள்?

இரண்டு கட்டத்தில் குறைக்கிறோம், இரண்டுக்கும் காரணம் வேறு. செல் கொடுப்பதற்கு முந்தைய ஒரு வாரம் கொடுக்கும் கடுமையான கீமோ, தம்பியின் பழைய எதிர்ப்பு சக்தியை ஒடுக்குகிறது. அது பலமாக இருந்தால் உங்கள் செல்களை வேரூன்ற விடாமல் விரட்டிவிடும். அதாவது அந்த வாரம் அவருடைய எதிர்ப்பு சக்தியை யாராவது உண்மையிலேயே "கூட்டிவிட்டால்" அது கெடுதல். செல் ஏறிய பிறகு கொடுக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் உங்கள் செல்களைக் கட்டுக்குள் வைப்பதற்கு. தம்பியின் புற்றுநோய்ச் செல்லை அந்நியன் என்று பார்க்கும் அதே டி செல், அவருடைய தோலையும் குடலையும் கல்லீரலையும்கூட அந்நியம் என்று பார்க்கலாம். இதை ஜி.வி.ஹெச்.டி. என்கிறோம். எலிகளைக் கொன்றது இதுதான். கொஞ்சமாக வந்தால் சமாளிக்கலாம், ஓரளவு நல்லதுகூட, நோய் திரும்புவது குறைகிறது. கை மீறினால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே எதிர்ப்பு சக்தி என்பது ரேடியோவில் சத்தம் கூட்டுவது போன்ற விஷயம் இல்லை. எதைத் தாக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி. அந்தப் பொடிக்கும் மாத்திரைக்கும் அது தெரியாது.

நாங்களே எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் சந்தர்ப்பங்களும் உண்டு. சிகிச்சைக்குப் பிறகு இரத்தத்தில் துளி நோய் மறுபடி தென்பட்டால், ஜி.வி.ஹெச்.டி. இல்லாத பட்சத்தில், டாக்ரோலிமஸை வேகமாகக் குறைப்போம். உங்கள் செல்களின் கடிவாளத்தைத் தளர்த்துவதுதான் அது. அது போதவில்லையென்றால் உங்களிடமிருந்தே மறுபடியும் லிம்ஃபோசைட் செல்களை, அதாவது டி செல் அடங்கிய வெள்ளையணுக்களை, எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். 1990ல் ஜெர்மனியில் கோல்ப் என்பவரின் குழு, சி.எம்.எல். என்னும் இன்னொரு வகை இரத்தப் புற்றுநோய் திரும்பி வந்தவர்களுக்கு இதைச் செய்து நோய் மறைவதைக் காட்டியது. ஏ.எம்.எல்.லில் அந்த அளவுக்குப் பலன் கிடைப்பதில்லை, ஆனாலும் பயன்படுத்துகிறோம். 2002ல் இத்தாலியின் பெருஜியா குழு, டி செல் மட்டுமல்ல, என்.கே. செல் என்னும் இன்னொரு வகையும் ஏ.எம்.எல்.லை அழிக்க உதவுகிறது என்று காட்டியது. மாற்று சிகிச்சைக்குப் பின் முதலில் தலைதூக்கும் எதிர்ப்புச் செல்களில் இந்த என்.கே. செல்லும் ஒன்று. பார்த்தீர்களா, கூட்டவும் செய்கிறோம், குறைக்கவும் செய்கிறோம். ஒவ்வொன்றையும் இரத்தத்தில் அளந்து பார்த்துவிட்டுச் செய்கிறோம்.

அந்தப் பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் எனக்குப் பயம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நோயாளி. செல் ஏற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது, எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வாரம் இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு திடீரென்று சரிந்தது. மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன் என்றார், பொய் சொல்பவர் இல்லை. அடுத்த வாரம் உள்ளங்கையிலும் காதோரத்திலும் சிவந்த தடிப்பு. மனைவியிடம் மெதுவாகக் கேட்டபோது ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். கணவர் சோர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், மன உற்சாகத்துக்கு என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்த மூலிகை, டாக்ரோலிமஸையும் சைக்ளோஸ்போரினையும் கல்லீரல் வேகமாக வெளியேற்றும்படி செய்துவிடும். ஜி.வி.ஹெச்.டி.யைக் கட்டுப்படுத்த ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் தேறிவிட்டார். அந்த அம்மாவின் முகம்தான் இன்னும் நினைவிலிருக்கிறது. அன்பினால் செய்தது, குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்?

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கிரேப்ஃப்ரூட் பழச்சாறு இதே மருந்துகளின் அளவை ஏற்றிவிடும், சிறுநீரகம் பாதிக்கப்படும். புசல்ஃபான் என்ற கீமோ கொடுக்கும் நாட்களை ஒட்டி, காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலைக்கூட நாங்கள் தவிர்க்கச் சொல்கிறோம். பாராசிட்டமாலுக்கே இந்தக் கணக்கு என்றால், என்ன இருக்கிறது என்று எழுதாத பொடிக்கு என்ன சொல்வது? காய்ந்த மூலிகைப் பொடிகளில் பூஞ்சை வித்து இருக்கலாம். உங்களுக்கும் எனக்கும் அது ஒன்றும் செய்யாது. நியூட்ரோஃபில், அதாவது கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு, இல்லாத உடம்பில் அதே பூஞ்சை நுரையீரலில் குடியேறிவிடும். "நல்ல பாக்டீரியா" என்று விற்கும் புரோபயாடிக்கையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். குடல் சுவர் புண்ணாக இருக்கும்போது அந்த நல்ல பாக்டீரியாவே இரத்தத்துக்குள் நுழைந்துவிடும். எதிர்ப்பு சக்தியைத் தூண்டுகிறது என்று சொல்லப்படும் காளான் மாத்திரையும் வேண்டாம். அது தூண்டவில்லையென்றால் வீண், உண்மையிலேயே தூண்டினால் ஆபத்து.

அந்தப் பையைக் குப்பையில் போட்டு உறவினர்களோடு சண்டை போட வேண்டாம். அடுத்த முறை போகும்போது அப்படியே எடுத்துக்கொண்டு போய் மருத்துவர் முன்னால் வையுங்கள். தம்பி ஏற்கெனவே எதையாவது சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் திட்ட மாட்டோம், தெரிந்துகொள்வதுதான் எங்களுக்கு வேண்டும்.

என்னதான் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஐந்து வாரத்தில் வயிறு நிறையச் சாப்பாடு, புரதம் கொஞ்சம் கூடுதலாக. எடை குறையாமல் இருப்பது பெரிய உதவி, ஏனென்றால் கீமோவில் வாய் புண்ணாகிச் சாப்பிட முடியாத நாட்கள் வரும். பல் மருத்துவரிடம் ஒருமுறை கட்டாயம் காட்டிவிடுங்கள். ஒரு சொத்தைப் பல்லோ ஈறு வீக்கமோ, வெள்ளையணு கவுன்ட் இல்லாத வாரத்தில் இரத்தம் முழுக்கத் தொற்றாக மாறிவிடலாம். தினமும் நடக்கச் சொல்லுங்கள். வார்டுக்குள் வந்த பிறகும் நடக்க வேண்டும், அறைக்குள் இருபது அடி என்றாலும் பரவாயில்லை. சிகிச்சையை ஒட்டி உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் சோர்வு குறைவாக இருக்கிறது, தசையும் அவ்வளவு கரைவதில்லை. புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தட்டும்.

செல் ஏற்றும் நாளைப் பற்றிப் பலரும் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டு வருவார்கள். ஒரு சிவப்புப் பை, இரத்தம் ஏற்றுவது போலவே சொட்டுச் சொட்டாக இறங்கும். தம்பி அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாலும் ஆச்சரியமில்லை. அதற்குப் பிறகுதான் பொறுமை வேண்டும். தினமும் காலையில் நியூட்ரோஃபில் எண்ணிக்கையைச் சொல்வார்கள். பூஜ்யம், மறுபடி பூஜ்யம். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் ஒரு நாள் மெல்ல ஏறத் தொடங்கும். மூன்று நாள் தொடர்ந்து 500க்கு மேல் நின்றால் உங்கள் மஜ்ஜை பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அப்புறம் அவருடைய இரத்தத்தில் குரோமோசோமைப் பார்த்தால் பெண்ணுக்குரிய எக்ஸ் எக்ஸ் தெரியும். உங்கள் இருவருடைய இரத்த வகை வேறாக இருந்தால், போகப் போக அவருக்கும் உங்கள் வகையே வந்துவிடும்.

கவுன்ட் ஏறிவிட்டதே, இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நியூட்ரோஃபில் வருவது வேகமாக நடக்கும். டி செல்லும், எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் பி செல்லும் முழுமையாகத் தேற ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடமும் ஆகும். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் ஞாபகமும் பெரும்பாலும் போய்விடும், மறுபடி போட வேண்டும். உயிரற்ற கிருமித் தடுப்பூசிகளை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கலாம். உயிருள்ள கிருமியில் தயாரிக்கும் தடுப்பூசிகளுக்கு குறைந்தது இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும், அப்போதும் ஜி.வி.ஹெச்.டி. இருக்கக் கூடாது, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தும் நின்றிருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் மற்றவர்கள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். தம்பியின் எதிர்ப்பு சக்திக்காக வீட்டார் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியங்களில் அது ஒன்று, அந்தப் பை முழுவதையும்விடப் பயனுள்ளது.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். முதலில் பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும், தொற்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கட்டட வேலை நடக்கும் தூசி, மண் கிளறுவது, வீட்டு விலங்கின் கழிவைச் சுத்தம் செய்வது எல்லாம் வேண்டாம். வெயிலில் போனால் உடம்பை மூடிக்கொண்டு போக வேண்டும், வெயில் பட்டால் தோலில் ஜி.வி.ஹெச்.டி. கிளம்பலாம்.

சாப்பாட்டில் முன்பெல்லாம் பச்சையாக எதுவுமே கூடாது என்று கட்டாயப்படுத்தினோம். நோயாளிகள் பாவம், ஒரு பழத்துக்கு ஏங்குவார்கள். அந்தக் கட்டுப்பாட்டால் தொற்று குறையவில்லை என்று பிறகு நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் மருத்துவமனையின் விதி என்னவோ அதன்படி செய்யுங்கள், ஆனால் கழுவுவதும், நன்றாக வேகவைப்பதும், காய்ச்சாத பாலைத் தவிர்ப்பதும் எப்படியும் அவசியம். 2020ல் நான்கு மருத்துவமனைகளில் 1,362 நோயாளிகளைப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு, குடலில் பலவகை பாக்டீரியா இருந்தவர்கள் அதிகம் பேர் பிழைத்தார்கள் என்று கண்டது. அதனால்தான் தம்பி வாய்வழியாகச் சாப்பிடுவதை முடிந்தவரை விடாமல் வைத்திருக்கப் பார்ப்போம்.

இனி உங்களைப் பற்றி. பெண்ணின் மஜ்ஜை ஆணுக்குப் போகும்போது, ஆண் செல்லில் ஒய் குரோமோசோம் உண்டாக்கும் புரதங்களை உங்கள் டி செல்கள் அந்நியமாகப் பார்க்கும். அதிலும் கொடையாளர் குழந்தை பெற்றவராக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ஜி.வி.ஹெச்.டி. சற்று அதிகம், நோய் திரும்புவது சற்றுக் குறைவு. மருத்துவர்கள் இதையும் கணக்கில் எடுத்துத்தான் உங்களைத் தேர்ந்திருப்பார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாளைக்குத் தம்பிக்குத் தோலில் தடிப்போ வயிற்றுப்போக்கோ வந்தால், "என் செல்தானே அவனை இப்படிச் செய்கிறது" என்று நீங்கள் தனியாக உட்கார்ந்து அழக் கூடாது. எத்தனையோ அக்காமார்கள் அப்படி அழுததைப் பார்த்திருக்கிறேன். செல் எப்படி நடந்துகொள்ளும் என்பது கொடுத்தவர் கையில் இல்லை. அதைக் கவனிப்பது எங்கள் பொறுப்பு.

உங்கள் எதிர்ப்பு சக்தி குறையுமா என்று கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். இதில் தயங்க ஒன்றுமில்லை, கேட்கவேண்டிய கேள்விதான். குறையாது. இரத்தத்திலிருந்து செல் எடுப்பதென்றால் நான்கைந்து நாள் ஒரு ஊசி போடுவார்கள், மஜ்ஜை செல்களை இரத்தத்துக்குள் இறக்குவதற்கு. அந்த நாட்களில் இடுப்பும் முதுகும் வலிக்கும், ஃப்ளூ வந்தாற்போல் இருக்கும். பிறகு நான்கைந்து மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். கொடுத்த செல்களை உங்கள் மஜ்ஜை சில வாரங்களில் ஈடுகட்டிவிடும். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையாகவே எடுப்பதென்றால் மயக்கம் கொடுத்துச் செய்வார்கள், சில நாள் வலி இருக்கும், இரத்தசோகை வராமல் இரும்புச் சத்து மாத்திரை தரலாம்.

அதுவரைக்கும் அந்தப் பையிலிருந்து நீங்களும் எதையும் சாப்பிட வேண்டாம். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று எது வந்தாலும், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், செல் எடுக்கும் பிரிவில் உடனே சொல்லிவிடுங்கள். தம்பிக்கு அந்தக் கடுமையான கீமோ தொடங்கிவிட்டால் உங்கள் செல் வந்தே ஆகவேண்டும். தேதியை ஒரு வாரம் தள்ளிவைப்பதென்றால் அதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.